சிமிலி, மெட்டஃபர் எல்லாம் மனப்பாடம்; கவிதையைக் கையில் கொடுத்தால் பேனா ஓடவில்லை

தாளும்பேனாவும்:

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் இந்தப் பருவம் முழுக்கக் கவிதைதான். பள்ளியில் கொடுத்த கலைச்சொல் பட்டியல் சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பர்சானிஃபிகேஷன் (உயிரில்லாததை மனிதராக்கிச் சொல்வது) என்று தெரிந்த பெயர்களில் தொடங்கி அனஃபோரா, சினெக்டகி, என்ஜாம்ப்மென்ட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதிவைத்து மனப்பாடம் செய்துவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விளக்கம் சொல்வாள். ஆனால் முன்பின் பார்த்திராத கவிதை ஒன்றைக் கொடுத்து, 'கவிஞர் மொழியை எப்படிக் கையாள்கிறார்?' என்று கேட்டால் நாலு பெயர்களை எழுதிவிட்டு நின்றுவிடுகிறாள். விடைத்தாள் ஓரத்தில் எல்லாம் 'அதனால் என்ன?' என்று சிவப்பு மை.

எனக்குத் தமிழ் யாப்பும் அணியும் ஓரளவு வரும். ஆங்கிலக் கவிதை அவ்வளவாகப் படித்ததில்லை. வீட்டிலிருந்தபடி நான் எப்படி உதவலாம்?

கரும்பலகை:

அந்தச் சிவப்பு மை எழுதியவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். ஆங்கில ஆசிரியர்கள் நடுவில் இந்தப் பழக்கத்துக்கு 'ஃபீச்சர் ஸ்பாட்டிங்' என்றே பெயர். கவிதைக்குள் நுழைந்து, இதோ ஒரு சிமிலி, அதோ ஒரு அலிட்டரேஷன் (அடுத்தடுத்த சொற்களின் தொடக்க ஒலி ஒன்றுவது) என்று கைகாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இங்கிலாந்துப் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் ஆங்கில இலக்கியத்தில் இரண்டாவது மதிப்பீட்டு நோக்கம் என்று ஒன்று உண்டு. எழுத்தாளர் பொருளையும் விளைவையும் உண்டாக்க மொழி, வடிவம், அமைப்பு மூன்றையும் எப்படிக் கையாள்கிறார் என்று ஆராய வேண்டும், கலைச்சொற்களைப் பொருத்தமான இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. 'பொருத்தமான இடத்தில்' என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வில் ஒரு கட்டுரைக்கு 6 புள்ளிகள். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. அணியின் பெயரைச் சொன்னதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

அவள் எழுதிய பத்தி ஒன்றை இங்கே போடுங்கள், அதை வைத்துப் பேசலாம்.

வாதாடி:

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் அம்மா. கவிதையை ரசிக்கவேண்டிய வயதில் பிள்ளைகளுக்குக் கிரேக்கப் பெயர்களை ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். சினெக்டகி தெரியாமல் கவிதையை ரசித்தவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

கடைசிபெஞ்ச்:

நான் பன்னிரண்டாம் வகுப்பு. கிழித்துப் போட்டால் அடுத்த வாரத் தேர்வை யார் எழுதுவது, வாதாடி சார்?

தாளும்பேனாவும்:

கரும்பலகை ஐயா, பத்தியைத் தமிழில் சொல்கிறேன். வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுத்த சின்னக் கவிதை அது. ஒரு மூதாட்டி பல காலம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறாள். சாமானெல்லாம் போய்விட்டது. அவள் அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு பெருமூச்சு விட்டது என்று ஒரு வரி. என் மகள் எழுதியது இது:

'கவிஞர் பர்சானிஃபிகேஷனைப் பயன்படுத்துகிறார். கதவு பெருமூச்சு விடுவதாகச் சொல்கிறார். இது வாசகரின் மனதில் தெளிவான காட்சியை உருவாக்கி, மேலும் படிக்கத் தூண்டுகிறது.'

கரும்பலகை:

நன்றி. முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மூன்றாவதை அப்படியே வெட்டி, போரைப் பற்றிய கவிதைக்கோ கடலைப் பற்றிய கவிதைக்கோ எழுதிய பத்தியில் ஒட்டிப் பாருங்கள். எங்கேயும் ஒட்டும். எங்கேயும் ஒட்டுகிற வாக்கியம் இந்தக் கவிதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். 'அதனால் என்ன?' வந்தது அதற்காகத்தான்.

இப்போது அட்டைகளை மூடி வைத்துவிட்டு அவளிடம் இதைக் கேளுங்கள். கதவு ஏன் பெருமூச்சு விட வேண்டும்? முனகியிருக்கலாம், அலறியிருக்கலாம், சும்மா சாத்திக்கொண்டிருக்கலாம். மனிதருக்குப் பெருமூச்சு எப்போது வரும்? களைப்பில் வரும், நிம்மதியில் வரும், ஏக்கத்திலும் வரும். இங்கே எது? அதற்கு முந்தைய வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூதாட்டி அழவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அழவேண்டியவள் அழாமல் போகிறாள், பெருமூச்சு விடுவது கதவு. அவள் அடக்கிக்கொண்டதைக் கவிஞர் கதவிடம் கொடுத்திருக்கிறார். அல்லது இத்தனை நாள் அவளைச் சுமந்த வீட்டுக்கே ஓய்வு கிடைத்தது என்றும் படிக்கலாம். இரண்டில் எதை எடுத்தாலும் சரிதான், கவிதைக்குள்ளிருந்து காரணம் காட்டினால் போதும்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு பர்சானிஃபிகேஷன் என்ற சொல் வாக்கியத்துக்குள் தானாக ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 'அழாத மூதாட்டியின் துயரத்தைக் கதவின் மேல் ஏற்றுகிற இந்த பர்சானிஃபிகேஷன்...' என்று தொடங்கினால் போதும்.

வேறு வினைச்சொல்லை வைத்துப் பார்ப்பது எந்த அணிக்கும் உதவும். கவிஞர் எழுதாமல் விட்ட சொல்லைப் பக்கத்தில் வைத்தால்தான் எழுதிய சொல்லின் எடை தெரியும்.

வாதாடி:

இதைத்தானே நானும் சொன்னேன்! பெயரே இல்லாமல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டீர்கள். கடைசியில் ஒரு கிரேக்கத் தொப்பியை மாட்டினீர்கள், அவ்வளவுதான்.

அடிக்குறிப்பு:

வாதாடி, பாதிதான் சரி. கரும்பலகை அவர்களுக்கு அந்த வரியில் நிற்கவேண்டும் என்று தெரிந்ததே, உயிரில்லாத பொருள் மனிதச் செயலைச் செய்தால் கவனி என்று அவர் கண் பழகியிருப்பதால்தான். பெயர் தெரிந்தவருக்கு அங்கே ஒரு கேள்வி எழுகிறது. தெரியாதவர் கதவைத் தாண்டிப் போய்விடுவார்.

சிமிலியும் மெட்டஃபரும் இருக்கின்றனவே, 'போல' இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் 'போல' என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது இரண்டு பொருளையும் தனித்தனியே நிறுத்தி வைக்கிறது. ஒப்பிடுகிறவர் ஒருவர் நடுவில் நிற்பது தெரிகிறது. மெட்டஃபரில் அந்த ஆள் மறைந்துவிடுகிறார், ஒன்றே மற்றொன்றாகிவிடுகிறது. தயங்கித் தயங்கிப் பேசுகிற பாத்திரத்துக்கு சிமிலி பொருந்தும், வெறிபிடித்துப் பேசுகிற பாத்திரத்துக்கு மெட்டஃபர் பொருந்தும். எப்போதும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே இரண்டு பெயர்கள் வேண்டியிருக்கின்றன.

ஷேக்ஸ்பியரின் சானட்டுகள் (சானட் என்பது 14 வரிக் கவிதை வடிவம்) அச்சில் வந்தது 1609-இல், மொத்தம் 154. அதில் 130-வது, என் காதலியின் கண்கள் சூரியனைப் போல இல்லவே இல்லை என்று தொடங்குகிறது. உதடு பவளமில்லை, நடை தேவதையின் நடையில்லை என்று வரிசையாக மறுத்துக்கொண்டே போவார். அந்தக் காலத்துக் காதல் கவிதைகளில் தேய்ந்துபோன ஒப்புமைகளை அறிந்தவருக்குத்தான் அதிலிருக்கும் கிண்டல் பிடிபடும். மற்றவர் காதலியைத் திட்டுகிறார் என்றே நினைப்பார்.

பெயர்கள் கிரேக்கமாக இருப்பதுதான் எரிச்சல் என்றால், நீங்கள் முதல் ஆள் இல்லை. 1589-இல் ஜார்ஜ் பட்டன்ஹாம் ஆங்கிலக் கவிதைக் கலை பற்றிய தன் நூலில் இவற்றுக்கெல்லாம் நாட்டு ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துப் பார்த்தார். ஐரனிக்கு 'வறண்ட ஏளனம்', மிகைப்படுத்திச் சொல்லும் ஹைபர்போலிக்கு 'உரக்கப் பொய் சொல்பவன்'. எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள். ஆனால் நிலைத்தது கிரேக்கம்தான்.

கடைசிபெஞ்ச்:

உரக்கப் பொய் சொல்பவன்! இனி மறக்கவே மறக்காது.

எனக்கு டோன், மூட், தீம் மூன்றும் குழம்புகின்றன. எதைக் கேட்டாலும் 'சோகம்' என்று எழுதிவைக்கிறேன்.

கரும்பலகை:

கடைசிபெஞ்ச் தம்பி, டோன் என்பது பேசுகிறவரின் மனப்பான்மை. மூட் என்பது படிக்கிற உன்னைச் சூழ்கிற உணர்வு. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவர் மிகவும் நிதானமாக, கணக்கு ஒப்பிக்கிற குரலில் ஒரு கொலையை விவரித்தால் டோன் அமைதி, மூட் பயங்கரம். அந்த இடைவெளியைப் பற்றி எழுதினால் நல்ல மதிப்பெண் வரும்.

தீம் ஒற்றைச் சொல்லாக இருக்காது. 'மரணம்' என்பது பேசுபொருள்தான். அதைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுதினால் அது தீம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள். கவிதையில் 'நான்' என்று பேசுகிறவர் கவிஞர் அல்ல, ஆங்கிலத்தில் அவர் 'ஸ்பீக்கர்'. நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாகவே இருக்கக்கூடாது. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று தலைப்பிலேயே போட்டிருக்கும். கபிலர் தலைவியின் குரலில் பாடினால் கபிலர் காதலனைப் பிரிந்து வாடுகிறார் என்று யாரும் எழுதுவதில்லையே. ஆங்கிலக் கவிதைக்கு வந்ததும் மட்டும் 'கவிஞர் தன் மனைவியை நினைத்து வருந்துகிறார்' என்று எழுதிவிடுகிறார்கள்.

தாளும்பேனாவும்:

இது எனக்கே தெம்பாக இருக்கிறது. அப்படியானால் தமிழ் அணிகளை வைத்தே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாமா? உவமை, உருவகம், மோனை, எதுகை என்று நேருக்கு நேர் வைத்தால்?

ஈற்றயல்:

இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். வைக்கலாம், ஆனால் ஒலி சம்பந்தப்பட்ட இடங்களில் கால் வழுக்கும்.

ரைம் என்றால் எதுகை என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில எண்ட் ரைமுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது இயைபு, அடிகளின் இறுதியில் ஒலி ஒன்றுவது. அலிட்டரேஷனும் மோனையும் நெருங்கிய உறவு, ஆனால் மோனையில் இனவெழுத்துகளும் சேரும். சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் மோனையாக வரும். ஆங்கிலத்தில் அதெல்லாம் செல்லாது. அங்கே ஒரே ஒலி வேண்டும், அதிலும் எழுத்து கணக்கில்லை, ஒலிதான் கணக்கு. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லும் பட்டத்தைக் குறிக்கும் 'கைட்' என்ற சொல்லும் எழுத்தில் 'கே'யில்தான் தொடங்கும், ஆனால் அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபேன்' இரண்டும் ஆங்கிலத்தில் வேறுவேறு எழுத்தில் (பி, எஃப்) தொடங்கும், ஆனால் ஆகும். ரைமிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'லவ்', 'மூவ்' கண்ணுக்குத்தான் ஒன்றுபோல இருக்கும். அதற்கு 'ஐ ரைம்' என்று பெயர்.

ஓனொமேட்டோபியாவுக்கு இரட்டைக்கிளவியை உதாரணம் காட்டுவார்கள். சலசல, மடமட சரி. பளபள? அது கண்ணுக்கு. வழவழ தொடுவதற்கு, கமகம மூக்குக்கு. ஒலியைப் போலச் செய்வது மட்டும்தான் ஓனொமேட்டோபியா.

பெரிய பள்ளம் மீட்டரில், அதாவது அடிகளின் தாள அமைப்பில், இருக்கிறது. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை என்று அசை பிரிப்பது. ஆங்கில மீட்டர் அழுத்தத்தால் நடப்பது. நம் காது அழுத்தத்தைத் தேடிப் பழகாததால் 'ஐயம்பிக் பென்டாமீட்டர்' என்றால் பிள்ளைகள் பத்து அசையை எண்ணிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணிக்கை பாதிதான். மெலிவு, அழுத்தம் என்று ஜோடி ஜோடியாக ஐந்து முறை வரவேண்டும். 'பிரெசன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு என்ற பொருளில் முதல் அசையில் அழுத்தம், வழங்கு என்ற வினையாக வந்தால் இரண்டாவதில். இரண்டாவதுதான் ஐயம்ப். முதலாவது ட்ரோக்கி. அகராதியில் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், அழுத்தம் அங்கேதான். கவிதையை வாய்விட்டுப் படித்து, அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம், தாளம் எங்கே முறிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீராக ஓடுகிற வரியைவிட முறிகிற வரியில்தான் எழுதுவதற்கு விஷயம் இருக்கும்.

அடிக்குறிப்பு:

ஈற்றயல் ஒலியில் பயமுறுத்திவிட்டார், பொருளணியில் கொஞ்சம் தைரியம் கொடுக்கிறேன். ஆகுபெயர் தெரிந்தவருக்கு மெட்டானமி அரைமணி நேர வேலை. 'வெள்ளை மாளிகை மறுத்தது' என்றால் மறுத்தது கட்டடம் இல்லை. நம் கணக்கில் இடவாகுபெயர், அவர்கள் கணக்கில் மெட்டானமி. 'தலைக்கு இரண்டு பழம்' சினையாகுபெயர், அதாவது உறுப்பு முழு ஆளைக் குறிக்கிறது; அது சினெக்டகி.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைவதை 'வராதே' என்று கைகாட்டி மறிப்பதுபோல் இளங்கோ சொல்வாரே, அந்தத் தற்குறிப்பேற்றத்தை வைத்து 'பதெட்டிக் ஃபாலஸி'யைத் தொடலாம். இயற்கைக்கும் பொருளுக்கும் மனித உணர்வை ஏற்றுவதுதான் அதுவும். ஆனால் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856-இல் அந்தப் பெயரை வைத்தது குறையாகச் சொல்ல. உணர்ச்சி மிகுந்தவர் உலகத்தைத் தப்பாகப் பார்க்கிறார் என்பது அவர் வாதம். நமக்கோ அது அணி, புலவரின் திறமை. இன்றைக்குப் பள்ளியில் அந்தக் குறை சொல்லும் தொனி இல்லாமல் வெறும் கலைச்சொல்லாகவே நடத்துகிறார்கள்.

வாதாடி:

ஐரனி? அதையும் கொஞ்சம் சொல்லுங்கள். என் அலுவலகத்தில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். குடை எடுக்காத அன்று மழை பெய்தால்கூட ஐரனியாம்.

கரும்பலகை:

அது வெறும் கஷ்டகாலம். குடை விற்கிறவரே குடையில்லாமல் நனைந்தால், அதில் சிச்சுவேஷனல் ஐரனி வருகிறது, எதிர்பார்ப்பே தலைகீழாகிறதே. சொல்வது ஒன்று, கருதுவது வேறு என்றால் வெர்பல் ஐரனி. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருந்தால் டிராமாட்டிக் ஐரனி. ஜூலியட் குடித்தது மயக்கமருந்து என்று அரங்கம் முழுக்கத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது. சிலம்பிலும் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் சிலம்பை விற்கப் போகிறான். தேர்வில் ஐரனி என்று மொட்டையாக எழுதாமல் எந்த வகை என்று சொல்லவேண்டும். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒரு வரி சேர்த்தால் விளக்கமும் அதிலேயே வந்துவிடும்.

அடிக்குறிப்பு:

இன்னொன்று சொல்லவேண்டும், இதுவரை யாரும் தொடவில்லை. 1929-இல் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர் கண்ட சிக்கல்களில் முதலாவது, கவிதையின் நேரடிப் பொருளே பலருக்குப் பிடிபடவில்லை என்பது. கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கே அப்படியென்றால் பத்தாம் வகுப்பைச் சொல்லவா வேண்டும்?

அதனால் அணி தேடுவதற்கு முன்னால், யார் யாரிடம் பேசுகிறார், என்ன நடக்கிறது என்று சொந்த வார்த்தையில் உரைநடையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வகுப்புகளில் 'டிபி-காஸ்ட்' என்று ஒரு முறை உண்டு. முதலில் தலைப்பைப் பார்ப்பது, அடுத்து பொருளைச் சொந்த வார்த்தையில் சொல்வது, பிறகு சொற்களின் உட்பொருள், மனப்பான்மை, கவிதை திரும்பும் இடம், மறுபடி தலைப்பு, கடைசியில் தீம். அணிகளெல்லாம் மூன்றாவது படியில்தான் வருகின்றன. எனக்கு இதில் பிடித்தது திரும்பும் இடத்தைத் தேடச்சொல்வது. 'ஆனால்', 'இருந்தும்' மாதிரி ஒரு சொல்லிலோ, ஒரு பத்தி இடைவெளியிலோ கவிதை திசைமாறும். ஷேக்ஸ்பியர் பாணி சானட்டில் 14 வரிகள், ஏபிஏபி சிடிசிடி இஎஃப்இஎஃப் ஜிஜி என்று ரைம் ஓடும். பலவற்றில் அந்தக் கடைசி ஜோடி வரிகளில் ஒரு திருப்பம் இருக்கும். ரைம் ஸ்கீமை எழுதிக்காட்டுவதோடு நிறுத்தாமல், ரைம் மாறும் இடத்தில் கருத்தும் மாறுகிறதா என்று பார்த்தால் அதுவே ஒரு பத்திக்குப் போதும்.

தாளும்பேனாவும்:

எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை ஐயா சொன்னதுபோல் அட்டையை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் 'தெரியலைம்மா' என்றாள். கதவு அலறியிருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டதும், 'அப்படின்னா வீட்டுக்குக் கோபம்னு ஆயிடும், இங்க கோபம் இல்லை, பழகிப்போன சோகம்' என்றாள். இப்போது எழுதியது:

'மூதாட்டி அழுவதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அவளுக்குப் பதிலாகக் கதவு பெருமூச்சு விடுகிறது. இந்த பர்சானிஃபிகேஷன் அவள் மறைக்கும் துயரத்தை வீட்டுக்குக் கொடுக்கிறது. அலறல் என்று சொல்லாமல் பெருமூச்சு என்று சொல்வதால் இது திடீர்த் துயரமாகத் தோன்றவில்லை, பல நாளாக எதிர்பார்த்த ஒன்றாகத் தோன்றுகிறது. இது மிகவும் சக்திவாய்ந்த பர்சானிஃபிகேஷன்.'

கரும்பலகை:

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அதுவும் எங்கேயும் ஒட்டுகிற வாக்கியம்தான். மற்றது மிக நன்று. 'பல நாளாக எதிர்பார்த்த' என்பதற்கு மட்டும் கவிதையிலிருந்து ஒரு சொல்லை மேற்கோளாகக் காட்டச் சொல்லுங்கள். சாமான்கள் போய்விட்டன என்ற வரி உதவும்.

அடுத்த பயிற்சிக்கு அதே கவிதையில் என்ஜாம்ப்மென்டைப் பார்க்கட்டும். வாக்கியம் முடியாமலே அடி முடிகிற இடம். அடியின் ஓரத்தில் எந்தச் சொல் தொங்குகிறது, அடுத்த அடியின் தொடக்கத்தில் எது வந்து விழுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசிபெஞ்ச்:

ஐயா, எங்கள் பட்டியலில் ஜ்யூக்மா என்று ஒன்று இருக்கிறது. அதுவும் தேர்வுக்கு வருமா?

கரும்பலகை:

பட்டியலில் இருந்தால் விளக்கத்தைப் படித்துவை. 'அவன் தொப்பியையும் பொறுமையையும் இழந்தான்' என்பதுபோல ஒரே வினை இரண்டு வேறு வகைப் பொருள்களை முடிப்பது, பெரும்பாலும் வேடிக்கைக்காக. கவிதையில் கண்ணில் பட்டால் எழுது, படாவிட்டால் தேடிக்கொண்டு அலையாதே. அந்த நேரத்தில் டோனைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதலாம்.